பால்கோவா வாங்கிய கடையும் ஆங்கில 'விச்'சும்

'நான் பால்கோவா வாங்கிய கடை' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் 'தி ஷாப் விச் ஐ பாட் பால்கோவா' என்று சொல்லிவிடுவார்கள். கேட்பவருக்குப் புரியும். ஆனால் தப்பு!

இதற்குக் காரணம் மக்குத்தனம் இல்லை, தாய்மொழி. ஹூ, விச், ஹூஸ் மாதிரி ரிலேட்டிவ் புரோனவுன் தமிழில் கிடையாது. அந்த வேலையைப் பெயரெச்சம் பார்த்துக்கொள்கிறது. சாப்பிட்ட பையன், சாப்பிட்ட தட்டு, சாப்பிட்ட வீடு, சாப்பிட்ட நேரம், சாப்பிட்ட சோறு... 'சாப்பிட்ட' கொஞ்சமும் மாறவில்லை, பாருங்கள். பையன் சாப்பிட்டான், தட்டில் சாப்பிட்டான், வீட்டில் சாப்பிட்டான் என்பதையெல்லாம் நாமே புரிந்துகொள்கிறோம். செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என்று பெயரெச்சம் ஆறு வகைப் பெயரோடு சேரும் என்கிறது பவணந்தி முனிவரின் நன்னூல். ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்களும் தப்ப முடியாது. தெலுங்கிலும் இதே கதைதான்!

ஆங்கிலம் அப்படி விடாது. என்ன உறவு என்று சொல்லியே ஆக வேண்டும். ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், உடைமைக்கு ஹூஸ், இடத்துக்கு வேர். சந்தேகம் வந்தால் வாக்கியத்தை உடைத்துப் பாருங்கள். 'ஐ பாட் பால்கோவா ஃப்ரம் தி ஷாப்.' அந்த 'ஃப்ரம்' எங்கே போச்சு? 'தி ஷாப் ஃப்ரம் விச் ஐ பாட் பால்கோவா' என்றோ, 'தி ஷாப் வேர் ஐ பாட் பால்கோவா' என்றோ சொன்னால் சரி.

சிலர் இதற்கு நேர்மாறாக, 'தி பாய் ஹூ ஹீ கேம்' என்பார்கள். ஹூ வந்த பிறகு ஹீ எதற்கு?

அடுத்தது கமா. 'ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம், விச் ஹேஸ் 11 டியர்ஸ்' என்று எழுதும்போது கமா வேண்டும். இருப்பது ஒரே ராஜகோபுரம், 11 நிலை என்பது கூடுதல் தகவல். எந்தக் கோபுரம் என்று அடையாளம் காட்ட அது தேவையில்லை.

இதெல்லாம் மார்க்குக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு மில்லில் இப்படி நோட்டீஸ் ஒட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: 'தி ஒர்க்கர்ஸ் ஹூ ஜாயின்ட் லாஸ்ட் இயர் வில் கெட் போனஸ்.' போன வருஷம் சேர்ந்தவர்களுக்கு மட்டும் போனஸ். 'ஒர்க்கர்ஸ்' பக்கத்தில் ஒன்று, 'இயர்' பக்கத்தில் ஒன்று என்று இரண்டு கமா போடுங்கள். இப்போது தொழிலாளர்கள் எல்லோருக்கும் போனஸ், எல்லோருமே போன வருஷம் சேர்ந்தவர்கள் என்று ஆகிவிடும்! தமிழில் இரண்டுக்கும் 'போன வருஷம் சேர்ந்த தொழிலாளர்களுக்கு போனஸ் உண்டு' என்ற ஒரே வாக்கியம்தான்.

காமர்ஸ் படித்துவிட்டு நாளைக்கு இந்த மாதிரி சர்க்குலர் டைப் பண்ணப் போவது உங்களில் யாரோ ஒருவர்தான். கமாவைப் பார்த்துப் போடுங்கள். அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் தீபாவளிச் செலவு அதில் இருக்கும்.