பிரியாத செல்கள்

பெங்களூரு ஓசூர் சாலையில், நிம்ஹான்ஸ் எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் அமைந்துள்ளது. 1954ஆம் ஆண்டில் தோன்றிய அகில இந்திய மனநலக் கழகமும் பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் 1974இல் ஒன்றிணைந்ததால் உருவான நிறுவனம் அது. அங்கே மூளை அருங்காட்சியகம் ஒன்று உண்டு. மருத்துவர் எஸ். கே. சங்கர் பல்லாண்டுகள் முயன்று திரட்டிய நூற்றுக்கணக்கான மூளைகள் கண்ணாடிக் கலங்களில் பாதுகாக்கப்பட்டுள்ளன. எங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர்களை உயிரியல் ஆசிரியை அங்கு அழைத்துச் சென்றபோது என்னையும் துணைக்கு அழைத்தார். "தமிழ் ஐயாவுக்கு அங்கே என்ன வேலை?" என்று ஒரு மாணவன் மெல்லக் கேட்டான். வேலை இருந்தது.

நரம்பு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யாழின் தந்திக்கும் அதுவே பெயர். இலையில் ஓடும் கோடுகளுக்கும் அதுவே பெயர். எங்களுக்கு வழிகாட்டியவர் கன்னடத்தில் 'நர' என்றார். மாணவர்கள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தனர். ஆங்கிலப் பாடநூலில் மட்டுமே வாழ்ந்த ஒரு செய்தி, இரண்டு வீட்டு மொழிகளுக்குள் ஒரே நொடியில் வந்துவிட்டது.

முதல் வரிசையில் கருவின் மூளைகள் இருந்தன. ஐந்து மாதக் கருவின் மூளையில் மடிப்புகள் அநேகமாக இல்லை. உரித்த அவித்த முட்டைபோல் வழவழப்பாக இருந்தது. பிறக்கும் தறுவாயிலுள்ள மூளையிலோ மேடும் பள்ளமும் நிறைந்திருந்தன. கருவுற்ற ஒற்றைச் செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் 46 குரோமோசோம்களும் படியெடுக்கப்பெற்றுச் சேய் செல்களுக்குச் சமமாகப் பங்கிடப்படுகின்றன. பின்னர் அச்செல்கள் தொழில் பிரித்துக்கொள்கின்றன. தோலின் அடியடுக்குச் செல்கள் வாழ்நாள் முழுதும் பிரிந்துகொண்டே இருக்கும். இரத்தச் சிவப்பணு தன் உட்கருவையே துறந்து, ஏறத்தாழ 120 நாள்கள் உயிர்வளியைச் சுமந்து திரிந்து மடியும். நரம்பு செல்லின் துறவு வேறு வகையானது. கிளை கிளையாக டெண்ட்ரைட்டுகளும் நீண்ட ஆக்சானும் பெற்று முதிர்ந்தபின் அது பிரிவதில்லை. இடுப்பருகே தண்டுவடத்தில் தொடங்கிக் கால்விரல் தசைவரை செல்லும் ஆக்சான் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அவ்வளவும் ஒரே செல்! மனித மூளையிலுள்ள நரம்பு செல்கள் சுமார் 8,600 கோடி. அவற்றுள் பெரும்பாலானவை நம்மோடு பிறந்து, நம்மோடே முதுமை எய்துபவை.

அடுத்த கலத்தின் முன்தான் நான் நின்றுவிட்டேன். பக்கவாதத்தால் இறந்த ஒருவரின் மூளை அது. இடப்புறத்தில் ஒரு பகுதி கரைந்து குழியாகியிருந்தது.

என் தாயார் சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூரில் என் தம்பியுடன் வாழ்கிறார். இரண்டு ஆண்டுகளுக்குமுன் ஓரிரவு அவருக்கு வலக்கை துவண்டு, பேச்சுக் குழறியது. பித்தமாக இருக்கும், விடியட்டும் என்றனர் அக்கம்பக்கத்தார். தம்பி எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது நான்கு மணி நேரம் கடந்திருந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி செல்லவே ஒன்றரை மணி நேரம் ஆகும். மூளையின் பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பு செல்கள் மடிகின்றன என்பர். வாய் கோணுதல், கை தளர்தல், சொல் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினும் விடியலுக்குக் காத்திராதீர்கள்.

இழந்த செல்களுக்கு ஈடாகப் புதியவை அங்கே பிரிந்து தோன்றுவதில்லை. ஆயினும் எஞ்சிய செல்கள் கிளை நீட்டிப் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ள வல்லவை. பயிற்சியை விடாது செய்யவேண்டும். தம்பி மகள் நாள்தோறும் காலையில் தன் ஆச்சியின் வலக்கையில் கோலமாவை வைத்து விரல்களை மூடிவிடுவாள். முதல் மூன்று திங்கள் மாவு கொட்டியதே மிச்சம். இப்பொழுது புள்ளி வைக்கிறார். வளைவு வருமிடத்தில் மட்டும் கோடு நடுங்குகிறது. என் பெயர் ஏழாம் மாதம்தான் அவர் வாய்க்குத் திரும்பியது. அதுவரை நான் 'அவன்'.

இறுதியில் கையுறை அணிந்து மூளையைத் தொட்டுப் பார்க்க இசைவளித்தனர். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. மருந்தில் ஊறியதால் இறுகியிருந்தது; உயிருள்ள மூளை தயிர்போல் மென்மையானது என்றார் வழிகாட்டி. சாலை விபத்தில் இறந்தோரின் குடும்பத்தார் இசைந்து அளித்த மூளைகளும் அங்குள்ளன. தலைக்கவசத்தை வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு செல்லும் இந்நகரத்து இளைஞர் சிலரை அங்கு ஒருமுறை நிற்கவைக்கலாம் என்று தோன்றியது.

திரும்பும் வழியில், முன்பு என்னைக் கேலி செய்த அதே மாணவன் கேட்டான்: "ஐயா, நாங்கள் தொட்ட மூளைக்கு எந்த மொழி தெரிந்திருக்கும்?"

உயிரியல் ஆசிரியை விடை கூறினார். மொழியைத் தாங்கிய இணைப்புகளின் தடம் அதில் இன்னும் இருக்கலாம். அவற்றின் வழியே ஓடிய குறிப்பு நின்றுவிட்டது, ஆதலால் நாம் அறிய இயலாது என்றார். தோம்லூர் வரும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை.