யானையை விரட்டும் எறும்பு... வேலி போட்டதும் வேலையை விட்டது ஏன்?

கென்யாவின் லைக்கிப்பியா பகுதியில் பல இடங்களில் மண் கறுப்பு. கோவில்பட்டிக்காரர்கள் பார்த்தால் உடனே அடையாளம் சொல்லிவிடுவார்கள், கரிசல் மண். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணில் ஏறக்குறைய ஒரே ஒரு வகை மரம்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கிறது. நம்மூர் கருவேலத்துக்குச் சொந்தக்கார மரம் அது. அதன் முட்கள் சிலவற்றின் அடிப்பகுதி உருண்டையாக வீங்கியிருக்கும். அந்த உருண்டைகளில் எறும்புகள் போட்ட ஓட்டைக்குள் காற்று புகுந்தால் விசில் சத்தம் கேட்கும். ஆங்கிலத்தில் அதன் பெயரே 'விசிலிங் தார்ன்'.

உருண்டை, எறும்புகளுக்கு வீடு. இலையடியில் சுரக்கும் தேன், சாப்பாடு. இரண்டுக்கும் சேர்த்து எறும்புகள் கட்டுகிற வாடகை, காவல் வேலை. யாராவது கிளையைத் தொட்டால் போதும், கூட்டமாக ஓடிவந்து கடிக்கும். யானைகூட விதிவிலக்கில்லை. தும்பிக்கையின் உட்புறம் அத்தனை மென்மையானது. எறும்பு அதற்குள் போய்விட்டால் எவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் பயனில்லை.

ஜேக்கப் கோஹீன், டாட் பால்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். எறும்புகளை நீக்கிய கிளைகளைக் கொடுத்தபோது இளம் யானைகள் தயங்காமல் தின்றன. யானைகள் விரும்பித் தின்னும் வேறொரு மரத்தின் கிளையில் எறும்புகளை ஏற்றி வைத்ததும், அதை ஒதுக்கிவிட்டன. அந்த மரத்தின் உண்மையான முள் எறும்புதான் போலிருக்கிறது!

ஆனால், இந்த ஒப்பந்தம் எங்கும் எப்போதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. குடியிருக்க நான்கு வகை எறும்புகள் போட்டி போடுகின்றன. ஒரு மரத்தில் பெரும்பாலும் ஒரு வகைதான் இருக்க முடியும். ஒன்று நல்ல காவல்காரன். இன்னொன்றும் காக்கும், ஆனால், பக்கத்து மரத்து எதிரிகள் கிளை வழியே வந்துவிடக் கூடாது என்று மொட்டுகளைக் கடித்துத் துண்டித்து, மரத்தைப் பூக்கவே விடாது. மூன்றாவது, தேன் சுரப்பிகளையே அழித்துவிடும். தேன் இல்லாத வீட்டுக்கு யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? நான்காவது, உருண்டைகளைச் சீண்டுவதே இல்லை. வண்டுப் புழு தண்டில் துளைத்த பொந்துதான் அதற்கு வீடு. அதனால் வண்டு வந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

கரையான் புற்றுக்கு அருகே உள்ள மரங்களில், சண்டையில் பலசாலியான இந்த நான்காவது எறும்பின் கை ஓங்கியிருக்கும். புற்றிலிருந்து தள்ளிப் போகப்போக மற்றவை பிழைத்துக்கொள்ளும். சில பத்து மீட்டர் தூரத்துக்குள்ளேயே இப்படி. மரத்தின் வயதும் முக்கியம். சிறு மரத்துக்குப் பூ இல்லாவிட்டாலும் உயிர் பிழைக்கக் காவல் வேண்டும். வளர்ந்த மரத்துக்குக் காவலைவிடப் பூவும் காயும் பெரிது.

இதையெல்லாம்விட ஆச்சர்யம், வேலி விஷயம். 1995-ல் ட்ரூமன் யங் தலைமையில் அங்கே சில நிலங்களைச் சுற்றி மின்வேலி போட்டார்கள். யானை, ஒட்டகச்சிவிங்கி எதுவும் உள்ளே வர முடியாது. தின்ன ஆள் இல்லையென்றால் மரங்கள் செழிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பத்தாண்டுக்குப் பிறகு பார்த்தால், கதை தலைகீழ். ஆபத்து இல்லாததால் மரங்கள் தேனையும் உருண்டைகளையும் குறைத்துக்கொண்டன. சம்பளம் குறைந்த நல்ல காவல்காரன், தேனுக்காகச் செதில் பூச்சிகளை வளர்க்கத் தொடங்கியது. அவை உறிஞ்சுவது அதே மரத்தின் சாற்றைத்தான். காலியான மரங்களில் நான்காவது எறும்பு குடியேறியது. வண்டுத் துளைகள் பெருகின, வளர்ச்சி குறைந்தது, மரங்கள் அதிகமாகச் செத்தன. 2008-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது.

வேலி போட்டவர்கள் ஆய்வுக்காகத் தெரிந்தே போட்டார்கள். அடுத்து வந்தவரை யாரும் அழைக்கவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மனிதர்களின் போக்குவரத்தோடு லைக்கிப்பியாவுக்குள் நுழைந்தது பெருந்தலை எறும்பு. அது தரையில் வாழ்வது, மரத்தைக் காக்காது. ஆனால், மரத்தில் ஏறிப் பழைய காவல்காரர்களைக் கொன்றுவிடும். காவல் போன மரங்களை யானைகள் முறித்துத் தின்றன. புதர்க்காடு வெட்டவெளியானது.

வெட்டவெளியில் வரிக்குதிரைக்குச் சிங்கம் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஓல் பெஜெட்டா சரணாலயத்தில் 2003-ல் சிங்கங்கள் கொன்றவற்றில் 67 சதவிகிதம் வரிக்குதிரைகள். 2020-ல் அது 42 சதவிகிதமாக இறங்கியது. அதே காலத்தில் காட்டெருமைகளின் பங்கு பூஜ்ஜியத்திலிருந்து 42 சதவிகிதத்துக்கு ஏறியிருக்கிறது. டக்ளஸ் கமாரு குழுவினர் 2024-ல் வெளியிட்ட கணக்கு இது.

சிங்கங்களின் எண்ணிக்கை இதுவரை சரியவில்லை. ஆனால் காட்டெருமை, வரிக்குதிரையைப் போல லேசில் விழுகிற இரை அல்ல. கொம்பால் திருப்பிக் குத்தும், சிங்கத்தையே கொன்றுவிடும்.