ஜீனோ ஏறின லாரி

"இந்த வயசுலயுமா சார் இந்த மாதிரி புஸ்தகமெல்லாம் படிக்கறீங்க?"

போன வாரம் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர் கேட்ட கேள்வி. டீப்பாய் மேல கிடந்தது இரும்புக்கை மாயாவி மறுபதிப்பு. அதுக்குக் கீழே ஒரு ஆர்தர் சி. கிளார்க். நான் வழக்கம் போல ஹிஹின்னு சிரிச்சு மழுப்பிட்டேன். அவர் காபி குடிச்சிட்டு வண்டியைக் கிளப்பினப்புறம்தான் சரியான பதில் மண்டைக்குள்ள வந்துச்சு. (நமக்கு எப்பவுமே அப்படித்தான். சண்டை முடிஞ்சு மூணு நாள் கழிச்சுத்தான் டயலாக் வரும் :-) ) அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எங்க ஊர் தொப்பூர். சேலத்துல இருந்து பெங்களூர் போனவங்க எல்லாரும் எங்க ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. பார்த்திருக்க மாட்டீங்க, அது வேற விசயம். ஊருக்கு ஒரே ஒரு பெருமை, கணவாய். அதுவும் நல்ல பெருமை இல்லை. பேப்பர்ல எங்க ஊர்ப் பேர் வந்தா, படிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும், விபத்துச் செய்தின்னு. தர்மபுரி மேட்டு நிலம். அங்கிருந்து சேலம் பக்கம் இறங்கற லாரிகளுக்கு, நல்ல பாரத்தோட, வளைஞ்சு வளைஞ்சு இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்கறேன்னு சில பேர் நியூட்ரல்ல விட்டுட்டு வருவாங்க. பிரேக்கை மட்டும் நம்பி மிதிச்சுக்கிட்டே வந்தா அது சூடாகி ஒரு கட்டத்துல பிடிக்காமப் போயிடும். அப்புறம் முன்னாடி போற வண்டி எதுவா இருந்தாலும் அதோ கதிதான்.

"எந்த கியர்ல ஏத்துவியோ, அதே கியர்ல இறக்கு." இது எங்கப்பா சொல்றது. அப்பா லாரி டிரைவர். அசோக் லேலண்ட் காமெட். சேலத்துல ஜவ்வரிசி மூட்டை ஏத்திட்டுப் போய் பெங்களூர்ல இறக்கிட்டு, பழைய இரும்பு ஏத்திட்டு வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்ப் பேர் போர்டை எல்லாம் எழுத்தோட வடிவத்தை வெச்சே கண்டுபிடிச்சிடுவார்.

எண்பதுகள்ல, பள்ளிக்கூடம் லீவு விட்டா நான்தான் அவருக்கு அரை கிளீனர். நிஜ கிளீனர் அண்ணன் பின்னாடி தார்ப்பாய்க்குள்ள தூங்குவார். எனக்கு இன்ஜின் மூடி மேல சீட்டு. சாக்கை நாலா மடிச்சுப் போட்டாலும் பின்பக்கம் இட்லி மாதிரி வெந்துடும். என் வேலை ஒண்ணே ஒண்ணுதான். அப்பா தூங்காமப் பார்த்துக்கறது.

பெங்களூர்ல லோடு ஏத்திக் கிளம்பவே ராத்திரி ஆயிடும். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய்க்கு வரும்போது விடியக்காலை மூணு, மூணரை. உடம்பு ரொம்ப அசந்து போற நேரமும் அதான், ரோடு ரொம்ப மோசமா இருக்கற இடமும் அதான். வீடு பக்கத்துல வந்துடுச்சுங்கற நெனப்பே கண்ணைச் சொருக வைக்கும்.

அதனால கதை சொல்லணும். ராத்திரி கேபின்ல லைட் போட முடியாது, போட்டா கண்ணாடியில அடிச்சு ரோடு தெரியாது. அதனால பகல்ல படிச்சு வெச்சுட்டு, ராத்திரி வாயால சொல்லணும். சினிமாக் கதை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அதான் பார்த்தாச்சே"ம்பார். அழுகாச்சிக் கதை சொன்னா பேச்சையே நிறுத்திடுவார். டிரைவர் பேச்சை நிறுத்தினா ஆபத்து.

அப்புறம்தான் அம்புலிமாமா. விக்கிரமாதித்தன் பிணத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு ராத்திரியில நடப்பான், வேதாளம் கதை சொல்லும் இல்லையா? அப்பா அதைக் கேட்டுட்டு ஒரே வரியில சொன்னார்: "பாவம்டா, அவனும் நைட் லோடுதான்." அதுக்கப்புறம் வேதாளம் கேள்வி கேட்டு முடிக்கறதுக்குள்ள இவர் பதில் சொல்லிடுவார். பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிச்சிடுமே!

அடுத்தது மாயாவி. சிவகாசியில இருந்து 1972ல முத்து காமிக்ஸ் தொடங்கினப்போ முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். நான் படிச்சதெல்லாம் சேலத்துல பழைய பேப்பர் கடையில எடைக்கு வாங்கின கிழிசல். கரண்ட்டைத் தொட்டா ஆள் மறைஞ்சிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தேகம். "கரண்ட் அடிச்சா சட்டை எதுக்குடா மறையுது? சட்டைக்கா கரண்ட் அடிச்சுது?" "மறைஞ்சவன் ரோட்டைக் குறுக்கே தாண்டினா நமக்கு எப்படித் தெரியும்? அடிச்சுட்டுப் போயிட்டா யார் மேல கேஸ்?" பதில் சொல்லி மாளாது. ஆனா பாருங்க, கிருஷ்ணகிரியில ஆரம்பிச்ச சந்தேகம் தர்மபுரி வரைக்கும் ஓடும். மனுசன் கொட்டாவி விடவே மாட்டார்.

எனக்கு அந்த வயசுலயே ஒண்ணு புரிஞ்சுது. நடக்கக் கூடிய கதையை மனுசன் காதால கேட்பான். நடக்காத கதை சொன்னாத்தான் "அதெப்படிரா?"ன்னு எழுந்து உட்காருவான்.

பள்ளிக்கூடத்துல வேற நியாயம். காமிக்ஸ் வெச்சிருந்தா வெளியில முட்டி போடணும். பொய்க்கதையாம். அதே வகுப்புல அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை மனப்பாடம் பண்ணணும். சாப்பிட்டா நீண்ட நாள் உயிரோட இருக்க வைக்கிற நெல்லிக்கனி! அதுக்கு அஞ்சு மார்க். அதியமான் ஆண்ட தகடூர்தான் எங்க தர்மபுரி. பேன்டஸி எங்க ஜில்லாவுக்கு வெளியூர்ல இருந்து வந்த சரக்கு இல்லை சாமி!

இப்ப மெயின் கதைக்கு வர்றேன். ஆனந்த விகடன்ல சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா' தொடரா வந்துக்கிட்டிருந்த நேரம். எங்க ஊர் சலூன்ல விகடன் வாங்குவாங்க. முடி வெட்டாமலே போய் உட்கார்ந்து படிக்கற ஒரே ஆள் நான்தான். 2020களோட தொடக்கத்துல நடக்கற கதை. ஜீவாங்கற சர்வாதிகாரி இந்தியாவை ஆள்றான். எல்லாருக்கும் ரெண்டெழுத்துப் பேர்தான். குழந்தை பெத்துக்கறதுக்குக்கூட அரசாங்கம் அனுமதி தரணும். நிலான்னு ஒரு பொண்ணு, அவ புருசன் சிபி. அப்புறம் நம்ம ஜீனோ. குட்டி நாய், ஆனா இயந்திரம். பேசும், புஸ்தகம் படிக்கும், குறும்பு பண்ணும். போகப் போக தானாவே யோசிக்க ஆரம்பிச்சிடும்.

அப்பாவுக்கு மத்தவங்களைப் பத்திக் கவலையே இல்லை. ஜீனோதான். "நாய் என்னாச்சு? அதை முதல்ல சொல்லு."

அந்த மே மாசம் ஒரு ராத்திரி. ரெண்டு நாளா சரியான தூக்கம் இல்லை, ரெண்டு பேருக்குமே. தர்மபுரி தாண்டினதும் நான் தூங்கிட்டேன். என் வேலையே அதைச் செய்யாம இருக்கறதுதான். எவ்வளவு நேரம்னு தெரியாது. திடீர்னு வண்டி ஒரு குலுக்கு. ரோட்டோரக் கல் எதையோ உரசற சத்தம். நான் முன்னாடி போய் டேஷ்போர்டுல முட்டி விழுந்தேன். ஹெட்லைட் வெளிச்சத்துல முன்னாடி ரோடு இல்லை. மரத்தோட உச்சி தெரியுது. கணவாயில ஒரு மரத்தோட உச்சி கண்ணுக்கு நேரா தெரிஞ்சா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

அப்பா வண்டியை நிறுத்தினார். ஒண்ணும் பேசலை. இறங்கிப் போய் டயருக்குக் கட்டை போட்டார். தண்ணி கேன்ல இருந்து மூஞ்சியைக் கழுவினார். கை நடுங்குது. பின்னாடி கிளீனர் அண்ணன் எழவே இல்லை. திரும்ப ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"அப்புறம்... ஜீனோ என்னாச்சுடா?"

பிரச்சினை என்னன்னா, நான் படிச்சது 'தொடரும்' வரைக்கும்தான். அடுத்த இதழ் வர இன்னும் மூணு நாள் இருக்கு. கீழே இன்னும் பாதிக் கணவாய் இருக்கு.

சொன்னேன். ஜீனோ தப்பிச்சு ஓடுதுப்பா. எங்கே? பெங்களூர் ரோட்டுக்கு. அதைத் துரத்தறாங்க. பேட்டரி தீர்ந்து போகுது. "அட, லாரி பேட்டரியில ஒயர் கொடுக்கச் சொல்லுடா!" இது அப்பா. சரி, ஒரு லாரி வருது. "என்ன லாரி?" காமெட்ப்பா. டிரைவர் நல்லவர். ஜீனோவை இன்ஜின் மூடி மேல உட்கார வெச்சுக்கறார். "சுடுமேடா அதுக்கு." இயந்திரம்தானேப்பா, சுடாது. "அப்ப உன்னை விட அதான் லாயக்கு." முதல் தடவையா சிரிச்சார். ஆஞ்சநேயர் கோயில், வளைவு, பாலம் எல்லாம் தாண்டி இறங்கினோம். ஜீனோவும் எங்களோடவே இறங்குச்சு. செகண்ட் கியர்ல.

என் வாழ்க்கையில நான் சொன்ன முதல் சொந்தக் கதை அதுதான். சுஜாதா பேர்ல சொன்னேன். அடுத்த இதழ் வந்துச்சு, நிஜக் கதை வேற எங்கேயோ போயிடுச்சு. அப்பாகிட்ட சொல்ல தைரியம் வரலை. அதனால ஒவ்வொரு லீவுக்கும் நான் ஒரு தனி ஜீனோவை ஓட்டிக்கிட்டிருந்தேன்.

பின்னாடி தூர்தர்ஷன்ல அது தொடரா வந்துச்சு. பக்கத்து வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து அப்பா கடைசி வரைக்கும் பார்த்தார். முடிஞ்சதும் எழுந்து துண்டை உதறி, "லாரி சீனையெல்லாம் தூக்கிட்டானுங்க"ன்னார். எனக்கு வயித்துல புளி கரைச்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் காலேஜ், வேலை. டிக்ஷனரியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு கிளார்க் படிச்சேன், அசிமோவ் படிச்சேன். நாங்க லோடு இறக்கிக்கிட்டிருந்த அதே பெங்களூர்ல, அதே வருசங்கள்ல, சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினீயரா இருந்தார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. சர்வாதிகாரி கதை எழுதின மனுசனுக்கு, ஓட்டுப் போடற மெஷினை உருவாக்கினதுல பெரிய பங்கு உண்டு. ஜூனியர் விகடன்ல அவர் அறிவியல் கேள்வி பதில் எழுதினதுக்குப் பேரே 'ஏன்? எதற்கு? எப்படி?' எங்கப்பாவோட மொத்தக் கேள்வியும் அந்த மூணுதான்.

2008ல பிப்ரவரி 27 சுஜாதா போனார். சரியா மூணு வாரம் கழிச்சு, மார்ச் 19, இலங்கையிலேயே அம்பது வருசத்துக்கு மேல வாழ்ந்த கிளார்க்கும் போனார். அந்த மார்ச் மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ அப்பாகிட்ட கிளார்க் பத்திச் சொன்னேன். பூமிக்கு மேல ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர்ல செயற்கைக்கோளைச் சுத்த விட்டா, பூமி சுத்தற வேகத்துக்கே அதுவும் சுத்தும், கீழே இருந்து பார்த்தா ஒரே இடத்துல நிக்கற மாதிரி இருக்கும், அதை வெச்சு உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம்னு அவர் 1945லேயே கட்டுரை எழுதினார்ப்பா, அதனாலதான் நம்ம மொட்டை மாடி டிவி குடையைத் திருப்பிக்கிட்டே இருக்க வேண்டியதில்லைன்னேன்.

அப்பா மேலே குடையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அதெப்படிரா, ஓடிக்கிட்டே நிக்கும்?" அப்புறம் அவரே, "ஒரே வேகத்துல ரெண்டு லாரி பக்கத்துல பக்கத்துல போனா நிக்கற மாதிரிதான் இருக்கும்"னார். இதைவிட நல்லா எந்தப் புஸ்தகத்துலயும் நான் படிக்கலை.

அந்த தைரியத்துல அன்னிக்கு உண்மையைச் சொல்லிட்டேன். ஜீனோ, லாரி, பேட்டரி எல்லாம் நான் விட்ட கப்சான்னு. அப்பா ஒண்ணும் அதிர்ச்சி ஆகலை.

"தெரியுமே. மறுவாரமே சலூன்ல சவரம் பண்ணிக்கிட்டு, அடுத்ததைப் படிச்சுச் சொல்லச் சொல்லிக் கேட்டுட்டேன். அதுல லாரியே இல்லை."

"அப்புறம் ஏன்ப்பா சொல்லலை?"

"சொன்னா நீ நிறுத்திடுவியே. எனக்கு யார் கதை சொல்றது?"

இப்ப அப்பாவுக்கு எண்பது ஆகப் போகுது. ஜீனோ வாழ்ந்த வருசத்தையும் தாண்டி வந்துட்டோம். ராத்திரி ராத்திரியா கண் விழிச்ச உடம்பு, இப்ப தூங்குன்னா தூங்க மாட்டேங்குது. டாக்டர் ஏதாச்சும் பேசிக்கிட்டிருங்க, தானா கண் அசந்துடும்ங்கறார். கட்டில் பக்கத்துல உட்கார்ந்து மாயாவியைப் படிச்சுச் சொல்றேன். அதான் டீப்பாய் மேல புஸ்தகம் கிடந்தது. இப்ப லைட் போட்டுக்கிட்டே படிக்கலாம், அந்த ஒரு வசதி.

தூங்கறாரான்னு கேட்டா, எங்கே! "சட்டை எப்படிடா மறையுது?"ங்கறார். நாப்பது வருசமா எனக்கும் பதில் தெரியலை.

சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். இந்தப் புஸ்தகங்களாலதான் சார் எங்கப்பா கணவாயைத் தாண்டி வீட்டுக்கு வந்தார். நானும்தான்.

பி.கு: கணவாய் இறங்கறவங்க தயவு செஞ்சு நியூட்ரல்ல இறக்காதீங்க. தூக்கம் வந்தா ஓரங்கட்டி நிறுத்திட்டுத் தூங்குங்க. கூட ஒரு சின்னப் பையன் இருந்தா, அவனை ஒரு பொய்க்கதை சொல்லச் சொல்லுங்க.