சத்தம் வருவதற்கு முன்னால்

சாரல் சமயத்தில் குற்றாலம் வந்திருக்கிறீர்களா? அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். தேய்த்துக்கொண்டே இருப்பார். திடீரென்று, "தண்ணி நெறம் மாறுது சார், ஓரமா வந்துருங்க" என்பார். நம் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பத்து நிமிஷத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் இறங்கும்.

இவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தூத்துக்குடி துறைமுகம் ஞாபகம் வரும். அருவிக்கும் ஹார்பருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தென்காசியில் என் மாமா மரக்கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டுத் தடி கப்பலில் தூத்துக்குடி வந்து, லாரியில் இங்கே வரும். அந்தக் காலத்தில் லாரி கேட்டுக்குள் போனதா, இல்லையா என்று தெரிந்துகொள்ள எஸ்.டி.டி. பூத் வாசலில் மாமா தவம் கிடப்பார். ஒரு சீட்டில் கையெழுத்து விட்டுப்போனால் டிரைவருக்கு ராத்திரி ரோட்டோரம்தான்.

2007-ல் நம் துறைமுகங்களையும் கஸ்டம்ஸ், ஏஜென்ட், கப்பல் கம்பெனிகளையும் ஒரே கம்ப்யூட்டர் வலையில் கோக்கும் ஏற்பாடு தொடங்கியது. 2018 டிசம்பரில் அதன் புது வடிவம் வந்தது. இப்போது மாமா திண்ணையில் உட்கார்ந்து செல்போனைத் தடவுகிறார். "மாப்ளே, வண்டி வெளியே வந்துட்டு!"

மராமத்து விஷயம் இன்னும் சுவாரஸ்யம். ஹார்பரில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரான அண்ணாச்சி ஒருவர் சொன்னார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பாராம். பேரிங் தேய்வது அதில் தெரிந்துவிடுமாம். இப்போது பெரிய துறைமுகங்களில் கிரேன்மேல் சின்ன சென்சார் ஒட்டியிருக்கிறார்கள். அதிர்வும் சூடும் கொஞ்சம் கூடினாலே, காதுக்குச் சத்தம் எட்டும் முன்பே அது தகவல் சொல்லிவிடும். கப்பல் இல்லாத நேரம் பார்த்து பேரிங்கை மாற்றிவிடலாம். பாதி கப்பல் இறக்கும்போது கிரேன் நின்றால் நஷ்டம் ஒரு பக்கம். கீழே நிற்கிற ஆளின் உயிர்?

அதற்காகக் கம்ப்யூட்டரைக் குலதெய்வமாகக் கும்பிட வேண்டாம். 2017 ஜூன் 27-ல் ஒரு வைரஸ் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை உலகம் பூராவும் முடக்கியது. மும்பைக்குப் பக்கத்தில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலும் ஒரு டெர்மினல் நின்றுபோனது. அன்றைக்குப் பேப்பரும் பேனாவும் வைத்து வேலை பார்க்கத் தெரிந்தவன்தான் ராஜா.

இப்போது அருவிக்கு வருகிறேன். 2024 மே 17. பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம். மேலே மலையில் பெய்த மழை, கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 17 வயதுப் பையன் ஒருவனைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரும்புக் கிரேனுக்கு நோய் வருமுன் சொல்ல ஒரு கருவி கண்டுபிடித்தோமே, மலைமேல் தண்ணீர் ஏறுவதைக் கீழே சொல்ல அதே மாதிரி ஒன்று எல்லா அருவிக்கும் வேண்டாமா? கருவி சொன்னவுடன் விசில் ஊத ஓர் ஆளும் வேண்டாமா?

அதுவரை, அடுத்த சாரலுக்கு வரும்போது அந்தப் பெரியவர் "ஓரமா வந்துருங்க" என்றால், தயவுசெய்து உடனே வந்துவிடுங்கள். "இன்னும் ஒரு நிமிஷம்" என்று சொல்லாதீர்கள்.