குக்குப் தீவின் விருந்தாளிகள்

பொந்தியானுக்குத் தெற்கே, குக்குப் மீனவக் கிராமத்துக்கு எதிரே ஒரு தீவு இருக்கிறது. படகேறினால் சில நிமிடப் பயணம். 647 ஹெக்டர் பரப்பு முழுதும் கண்டல் காடு, மனிதர் குடியில்லை. 1997-இல் ஜொகூர் தேசியப் பூங்காவாயிற்று. 2003-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

மார்ச் கடைசியில், காலையில் பசியாறிவிட்டு, கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். சேற்றுப் பரப்பில் உள்ளான்கள் ஓடியோடி இரை பொறுக்குவதைக் காணலாம். குளிர்காலத்தைக் கழிக்க வட ஆசியாவிலிருந்து வந்த விருந்தாளிகள் அவை. அங்கே வசந்தம் பிறந்ததும் குஞ்சு பொரிக்கத் திரும்பியாக வேண்டும். நெடும் பயணத்துக்கு இந்தச் சேற்றுப் புழுவும் நண்டும்தான் கட்டுச்சோறு. சற்றுத் தள்ளி, வழுக்கைத் தலைப் பெருநாரை தவமிருப்பதுபோல் அசையாமல் நிற்கும்.

கண்டலை நம் முன்னோர் 'அலையாத்தி' என்றும் அழைத்தார்கள். அலையை ஆற்றும் மரமல்லவா! எதிர்க்கரையில் மரக்கால்களின்மேல் நிற்கும் மீனவர் வீடுகளுக்குக் காற்றையும் அலையையும் தடுத்து நிற்பது இந்தக் காடே. காடு போனால் பறவைக்குச் சோறில்லை, மனிதனுக்கு மதிலில்லை.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நெகிழிப் பை ஒன்றைக்கூட அங்கே விட்டுவராதீர்கள்.