ஏடுகளைத் தேடிச் சென்ற பெரியவர்



செண்பகனூரில் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். ஒருநாள் பத்து வயதுப் பிள்ளையொருவன், "ஹஜ்ரத், நாம் எந்த நாட்டிலிருந்து வந்தோம்?" என்று வினவினான். பள்ளிக்கூடத்தில் உடன் படிக்கும் ஒருவன் அவனை அன்னியன் என்று சொல்லிவிட்டானாம். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதே கேள்வியுடன் ஒருநாள் வந்து நிற்கக்கூடும். விடை சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

என்னிடம் ஒரு நூல் இருந்தது. 1990இல் வெளிவந்த 'முஸ்லீம்களும் தமிழகமும்'. அதை இயற்றியவர் இராமநாதபுரத்து மர்ஹூம் டாக்டர் எஸ்.எம். கமால் அவர்கள். சோனகர், மரைக்காயர், இராவுத்தர், லெப்பை என்னும் பெயர்கள் எங்ஙனம் வந்தன, அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவினர் யாவர், குதிரை வாணிபம் எவ்வாறு நடந்தது என்பனவற்றையெல்லாம் அதில் அவர் ஆராய்ந்துள்ளார். இம்மண்ணோடு நமக்குள்ள உறவு எத்தனை நூற்றாண்டுகள் பழமையானது என்பதை அந்தப் பிள்ளைக்கு அந்நூலைக் கொண்டே விளக்கினேன்.

1928இல் பிறந்து 2007இல் மறைந்த அப்பெரியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். வருவாய்த் துறையில் உத்தியோகம் பார்த்தவர். பிறர் சாய்வு நாற்காலியை நாடும் வயதில் அன்னார் பழைய ஏடுகளை நாடிச் சென்றார். 1987இல் 'விடுதலைப் போரில் சேதுபதி மன்னர்', 1992இல் 'சேதுபதி மன்னர் செப்பேடுகள்', 1997இல் 'சீர்மிகு சிவகங்கைச் சீமை', 2003இல் 'சேதுபதி மன்னர் வரலாறு' என அடுத்தடுத்து நூல்கள் வந்தன. 1795இல் கும்பினியாரால் பதவி பறிக்கப்பட்டு, 1809இல் சென்னைக் கோட்டைச் சிறையில் உயிர்நீத்த முத்துராமலிங்க சேதுபதியின் தியாகத்தை உலகறியச் செய்தவர்களுள் அவர் முக்கியமானவர்.

செப்பேட்டை வாசிப்பது எளிதன்று. நன்செய், புன்செய், கண்மாய், மானியம், நான்கெல்லை என்று நிலத்தின் மொழியிலேயே அது பேசும். வருவாய்த் துறையில் பழகியவர்க்கு அம்மொழி அன்னியமன்று. பிழைப்புக்காகக் கற்ற வித்தை, பின்னாளில் சமுதாயத்துக்கே பயன்பட்டது. கோயில்களுக்கும் மடங்களுக்கும் கொடையளித்த சேதுபதிகள், பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் மானியம் விட்டதை அச்செப்பேடுகள் சாட்சி சொல்லுகின்றன. வாய்ப்பேச்சாக மட்டும் இருந்திருந்தால் இதனை இன்று யார் நம்புவார்?

செண்பகனூரில் 1895இல் இயேசு சபையார் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். தங்கள் பாதிரிமார் மதுரை நாட்டிலிருந்தும் மறவர் சீமையிலிருந்தும் எழுதிய கடிதங்களை இங்கே பேணிச் சேர்த்தனர். கிழவன் சேதுபதி காலத்தில், 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோவின் செய்தி நமக்குத் தெரிவது அத்தகைய கடிதங்களால்தான். அதே மன்னருக்கு உற்ற நண்பராய் விளங்கியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவர் வீட்டில் இருந்த கணக்கேடுகளையும் ஓலைகளையும் அவ்வாறு சேர்த்து வைத்தவர் யார்? எண்ணிப் பார்க்கையில் நெஞ்சம் கனக்கிறது.

அந்தக் குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. வாப்பா மவுத்தானதும் அவருடைய பெட்டியிலிருந்த பத்திரங்களையும், அரபுத்தமிழில் எழுதிய நோட்டுகளையும் பழைய காகிதக் கடைக்கு எடைபோட்டு விற்ற இல்லங்களை நான் அறிவேன். செல்லரித்த நிக்காஹ் பதிவேடுகளை அடுப்பிலிட்டவர்களும் உண்டு. எரிந்தது காகிதம் மட்டுமன்று; நாளைய பிள்ளையின் கேள்விக்கான விடையும் அதனுடன் எரிந்து போயிற்று.

கமால் அவர்கள் மறைந்த பின்னர், தமிழக அரசு அன்னாரின் நூல்களை நாட்டுடைமையாக்கிச் சிறப்பித்தது. நாம் அவருக்குச் செய்யத்தக்க சிறப்பு வேறொன்று உண்டு. உங்கள் இல்லத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் இருப்பின் அவரிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். ஊர்ப் பள்ளிவாசல் எப்போது எழுந்தது, நிலம் தந்தவர் யார், முன்னோர் என்ன தொழில் செய்தனர் என்பதை அவர் எழுதட்டும். பழைய தாள்களை நிழலில் உலர்த்தி, துணியில் சுற்றி, மேலே பெயரும் ஆண்டும் குறித்து வையுங்கள். படிக்கத் தெரியாத எழுத்தென்று எதையும் எறிந்துவிடாதீர்கள். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பின்னால் வருவார்.