சின்னக் கையும் ஆறு கம்பியும்

1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது, 'இளைய நிலா' பாட்டின் கிடாருக்காகவே மூன்று முறை படம் பார்த்தேன். அந்த ஆசையில் திருநெல்வேலியில் ஒருவரிடம் கற்கப் போனேன். என் இடது கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். "இந்தக் கைக்கு எட்டாதுடே தம்பி" என்றார். பேசாமல் பஸ் ஏறி சங்கரன்கோவில் வந்துவிட்டேன். அப்புறம் நில அளவை வேலை, குடும்பம்.

போன ஆடித்தபசுக்கு வந்த பேத்தி தன் கிடாரை இங்கே விட்டுப் போனாள். மடியில் வைத்துப் பார்த்தேன். சி கார்டுக்கு மோதிர விரல் மூன்றாம் மெட்டுக்கு எட்டவில்லை. அந்தப் பழைய குரல் காதில் விழுந்தது.

வீடியோ காலில் பார்த்த பேத்தி, "தாத்தா, கட்டைவிரலை மேலே கொக்கி போடாதீங்க, கழுத்துக்குப் பின்னாடி நடுவுல வைங்க" என்றாள். வைத்தேன். மணிக்கட்டு முன்னால் வந்தது, விரலும் எட்டியது. நாற்பது வருடமாக இதை ஒருவரும் சொல்லவில்லையே!

நிலம் அளந்த ஆள் சும்மா இருப்பேனா? ஸ்கேலை எடுத்தேன். முதல் மெட்டின் இடைவெளி 36 மில்லிமீட்டர், ஆறாவதுக்கு 27தான். ஐந்தாம் மெட்டில் கேப்போ என்ற கிளிப்பை மாட்டினால் சின்னக் கிடார் ஆகிவிடுகிறது. சுருதி ஏறும், ஏறட்டும்.

ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கலைஞருக்கு 1928 தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போயின. மற்ற இரண்டை வைத்தே உலகப் புகழ் பெற்றார். எனக்கு நாலும் இருக்கிறது.

எஃப் கார்டு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பேத்திக்கே ஆறு மாதம் ஆனதாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாசிக்க வீட்டம்மா தடை.